மைக்கைப் பிடுங்கிக்கொண்ட நாள்

புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு வேப்பம்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "உங்கள பேசச் சொல்லி வேற கேக்கறாங்களா?" என்றாள்.

அவள் சிரிப்பில் நியாயம் உண்டு. நான் சுகாதாரத் துறையில் நலக்கல்வியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நர்ஸம்மா ஊசி போடுவார். சுகாதார ஆய்வாளர் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கொசுப்புழு தேடுவார். டாக்டர் வைத்தியம் பார்ப்பார். நான் பேசுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கை கழுவுவது எப்படி, கீரை ஏன் தின்ன வேண்டும், ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக்கூடாது என்று ஊர் ஊராகப் போய் மைக்கில் சொல்வேன். வீட்டுக்கு வந்தும் அதே குரலில் பேசுகிறேன் என்பது அவளுடைய புகார். நான் ஆரம்பித்ததும் மிக்ஸியைப் போட்டுவிடுவாள், அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும்.

என் குரல்மீது எனக்கு அப்படியொரு நம்பிக்கை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் இருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் வேலைக்கு வந்தாலும், முதல் நாளே அவர்களை என் கூட்டத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுவேன். அவர்கள் கற்றுக்கொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்தான். அதற்குப் பிறகு பலரும் என்னைக் கண்டால் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனதை, அவர்களுடைய கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள், தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களை வீட்டுக்குப் போகவிடாமல் நல்வாழ்வு முகாமுக்கு மடக்கிக்கொண்டு வந்தோம். சர்க்கரை நோயைப் பற்றிப் பேச்சு. "உழைக்காமல் உட்கார்ந்தே இருக்கும் பெரியவர்களைத் தேடி வருகிற நோய் இது! தினமும் அரைமணி நேரம் நடங்கள்! தண்ணீர் நிறையக் குடியுங்கள்!" என்று ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன். முன்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். ரெபேக்கா என்று பெயர். ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை. கணவன் இல்லாமல் ஒரே மகளை வளர்க்கிறவள்.

"சார், காலைலேர்ந்து நின்னுக்கினே பேக்கிங் போட்டுட்டு வர்றோம். நிக்கறதுக்கே காலு இல்ல. இன்னும் நடக்கச் சொல்றியே, உனுக்கே நாயமா கீதா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து, "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, மனப்பாடம் செய்திருந்த பேச்சின் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். பதில் சொன்னேனா என்றால், இல்லை. கைதட்டினார்கள். பேச்சு முடிந்தது என்ற சந்தோஷத்தில் தட்டினார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்கு அடுத்த வருஷம், பள்ளிக்கூடங்களில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் குடற்புழு நீக்கச் சப்பிச் சாப்பிடுகிற மாத்திரைதான். எங்கள் எல்லையில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒரு பெண் மாத்திரையைச் சப்பிவிட்டு வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த பிள்ளை தலை சுற்றுகிறது என்றது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு வகுப்பாக அழுகை. யாரோ ஒருவர் வெளியே நின்று செல்போனில் படம் எடுத்து, 'மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் மயக்கம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நாங்கள் ஜீப்பில் போய் இறங்கும்போது பள்ளி வாசல் முழுக்க மோட்டார் சைக்கிள்கள். வயலில் இருந்தவர்கள் சேற்றுக் காலோடு நின்றார்கள்.

அப்போது எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா என் மகளைவிட இளையவர். அதிகம் பேசமாட்டார். அதை ஒரு குறையாகவே நான் நினைத்திருந்தேன். உள்ளே போய் ஒவ்வொரு பிள்ளையாக நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "பயந்துபோய்தான் இருக்காங்க, பெரிசா ஒண்ணும் இல்ல. சார், நீங்க வெளியில போய் பேரன்ட்ஸைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்க" என்றார்.

இதற்காகத்தானே பிறந்தேன் என்று போனேன். காலை வழிபாட்டுக்கு வைத்திருந்த மைக் தயாராக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பீரமாகச் சொன்னேன்:

"அன்பார்ந்த பெற்றோர்களே! யாரும் பதற்றப்பட வேண்டாம்! இதுவரை ஒரு குழந்தைகூடச் சாகவில்லை!"

சேற்றுக் காலோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "இதுவரைக்குமா? அப்போ இனிமே சாகப் போவுதா?"

அவ்வளவுதான். இரும்புக் கேட் ஒரு பக்கம் கீலோடு கழன்று சாய்ந்தது. ஒரு தாய் மயங்கி விழுந்தாள். உள்ளே ஓரளவு தெளிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், ஒலிபெருக்கியில் 'சாவு' என்ற சொல்லைக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார்கள். நான் நிலைமையைச் சரிசெய்ய, "அதாவது, நான் சொல்ல வந்தது என்னவென்றால்…" என்று தொடங்கியபோது ஒரு கை என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கியது. டாக்டரம்மா.

"சார், கடைசி ரூம்ல ஒண்ணும் ஆகாத பிள்ளைங்கள உக்கார வச்சிருக்கேன். இங்க அழறதப் பாத்தா அவங்களுக்கும் தொத்திக்கும். நீங்க போய் அவங்களோட உக்காருங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

அவருக்கு அப்பா வயது எனக்கு. கடைசி பெஞ்சுக்குத் துரத்தப்பட்ட மாணவன்போல் போய் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் என் கவலை பிள்ளைகளைப் பற்றியது அல்ல. 'சாகவில்லை' என்பதற்குப் பதிலாக 'நலமாக இருக்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால் பேச்சு எடுபட்டிருக்குமே என்றுதான் மனம் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பேசக்கூடாது என்றால் மனிதன் என்ன செய்வான்? பார்ப்பான். வேறு வழியில்லை. அந்த அறையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டும், கிசுகிசுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஜன்னல் ஓரமாக ஒரு பெண் மட்டும் பெஞ்சில் தலையைச் சாய்த்து அமைதியாக இருந்தாள். இவ்வளவு கூத்திலும் எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று மனத்துக்குள் பாராட்டினேன். எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் குடித்தாள். வந்து சாய்ந்தாள். கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர் குடித்தாள். நான் கொண்டுபோயிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். சீருடை யாரோ பெரிய அக்காவுடையதுபோல் தொளதொளவென்று இருந்தது. இடுப்பில் ஊக்குக் குத்தியிருந்தாள். ஓடி வந்தவள்போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கியது. ஆனால் அவள் ஓடவில்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறாள்?

பாட்டிலைத் திரும்ப வாங்கக் குனிந்தபோது அவள் மூச்சில் ஒரு வாசனை. அழுகப் போகிற பழத்தின் வாசனை.

அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிதல். இந்த மூன்றையும் எத்தனை மேடையில் ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறேன்! அவை மூன்றும் ஒரு சின்னப் பெண்ணின் உருவத்தில் என் எதிரே எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. நான் 'அடக்கமான பிள்ளை' என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தடையை மீறி, "உம் பேரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"ஜெனி."

"அம்மா எங்க?"

"கம்பெனிக்கு. எங்கம்மா பேரு ரெபேக்கா." அதைச் சொல்வதற்கே அவள் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

எழுந்து ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கதவு வரைக்கும் போய் நின்றேன். ஏற்கெனவே ஒரு தடவை ஊரைக் கலக்கியாயிற்று. இப்போது போய் 'இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து' என்று சொல்லி, அதுவும் பொய்யாகிவிட்டால்? வாங்கிய திட்டு இன்னும் காதில் சூடாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு கதவு வரும், பிள்ளைகளே. அதில் அதிக நேரம் நிற்காதீர்கள். நான் நின்றதைவிடக் குறைவாக நில்லுங்கள்.

டாக்டரம்மா கூட்டத்துக்கு நடுவில் இருந்தார். நான் "மேடம், பொதுவாகவே சர்க்கரை நோயின் அறிகுறிகள் என்று பார்த்தால்…" என்று ஆரம்பித்தேன். பழக்கதோஷம்.

"சுருக்கமா சார்."

"ஒரு பொண்ணு. ஓயாம தண்ணி குடிக்குது. மூச்சு வாங்குது. வாயில பழ வாசனை."

அவர் முகம் மாறியது. என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஜெனியின் விரலில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தார். அதில் எண்ணே வரவில்லை. அளவு மீறிவிட்டது என்பதற்கு அடையாளமாக 'ஹை' என்று மட்டும் காட்டியது. "பிள்ளைங்களுக்குத் திடீர்னு வர்ற சர்க்கரை சார் இது. ரத்தமே அமிலமா மாறிக்கிட்டு இருக்கு. இன்னும் தாமதிச்சா மயக்கம், அப்புறம்…" என்று என் காதில் மட்டும் சொல்லிவிட்டு, சலைன் ஏற்ற ஆரம்பித்தார். "ஆம்புலன்ஸ் வந்திருக்கு. இவள அதுல ஏத்தணும். போங்க."

ஆம்புலன்ஸ் வந்திருந்தது உண்மை. ஒன்றே ஒன்று. அதற்குள் ஏற்கெனவே ஒரு பெண் படுத்திருந்தாள். ஊரில் நிறைய நெல் வயல் உள்ளவர், முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர், தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, கதவை மறித்துக்கொண்டு நின்றார். பேத்தி எல்லாரையும்விட உரக்க அழுதுகொண்டிருந்தாள்.

"எம் பேத்திய மொதல்ல இட்டுக்கினு போங்க. அப்பால மத்ததப் பாக்கலாம்" என்றார். அவர் பின்னால் ஒரு கூட்டம்.

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த உரையை ஆற்ற வேண்டிய இடம் அது. மனிதநேயம், மருத்துவ அறம், முன்னுரிமை என்று சொற்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. வாயைத் திறந்தேன். ஒரு கையால் கதவை மறித்தபடியே மறுகையால் அவர் பேத்தியின் காலை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தேன். மிரட்டுகிற மனிதர் என்று நான் நினைத்தவர், செத்துவிடுமோ என்று பயந்துபோன தாத்தா. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? ஒலிபெருக்கியில் பேசிய மகான்.

"ஐயா, உங்க பேத்திய எறக்கச் சொல்லல. எங்கூட ஒரு நிமிசம் வாங்க. ஒரு பொண்ணப் பாருங்க. பாத்துட்டு நீங்க சொல்றபடியே செய்யறேன்" என்றேன்.

சந்தேகத்தோடுதான் வந்தார். ஜெனி தரையில் ஜமுக்காளத்தில் கிடந்தாள். கண் பாதி செருகியிருந்தது. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அழவில்லை. அவர் அவளைப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த தன் பேத்தியின் அழுகுரலைக் கேட்டார். திரும்பவும் இவளைப் பார்த்தார்.

"இது ரெபேக்கா பொண்ணாச்சே… கத்தக்கூட தெம்பில்லயேடா நைனா" என்றார். யாரை 'நைனா' என்றார் என்று தெரியவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்ப் பேத்தியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "உனுக்கு ஒண்ணியும் இல்லமா, பிஸ்கட் வாங்கித் தர்றேன்" என்றார். அவள் அழுகையை நிறுத்தி, "க்ரீம் பிஸ்கட்டா?" என்று கேட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு அதட்டல்: "இன்னாத்துக்கு வாயப் பாத்துக்கினு நிக்கறீங்க? வழி உடுங்க!"

ஊரே கவனித்தது, அவர் தன் பேத்தியை இறக்கியதை. அவரே இறக்குகிறார் என்றால் மாத்திரையால் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தார்கள். நான் மைக்கில் செய்ய முடியாததை ஒரு க்ரீம் பிஸ்கட் செய்துவிட்டது.

டாக்டரம்மா அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஜெனியோடு போவதா, மற்ற பிள்ளைகளோடு இருப்பதா? போகும் வழியில் செய்ய வேண்டியதை நர்ஸம்மாவுக்குச் சொல்லி அவரை ஆம்புலன்ஸில் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாம் தயாராக வைக்கச் சொன்னார். தான் பள்ளியிலேயே நின்றார். டாக்டர் கிளம்பிப் போனால் கூட்டம் மறுபடி மிரளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "அம்மாவ கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பயமுறுத்தாதீங்க. பொய்யும் சொல்லாதீங்க" என்றார். என்னிடம் இதைச் சொல்லவேண்டி வந்ததே என்று நான் வருத்தப்படக்கூட உரிமை இல்லாத நாள் அது.

ரெபேக்காவின் போன் கம்பெனி லாக்கரில். வேலை நேரத்தில் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். நான் விடவில்லை. ஒரு தாயின் உரிமை, நேரத்தின் அருமை, சட்டம் என்ன சொல்கிறது என்று அடுக்கினேன். உருக்கமாகவே பேசினேன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், தமிழ் நஹி" என்றார்.

வடக்கேயிருந்து வந்தவர். ஒரு வார்த்தை புரியவில்லை. கைகளால் ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டினேன். கையில் ஊசி குத்தி மேலே பாட்டில் தொங்குவதைக் காட்டினேன். ஆம்புலன்ஸ் மாதிரி சத்தம் போட்டேன். கம்பெனி வாசலில் நின்று, தலை நரைத்த அரசு ஊழியன், ஊளையிட்டேன்.

"பச்சா?" என்று கேட்டார். குழந்தையா என்று கேட்கிறார் என்று புரிந்து தலையாட்டினேன். "ரெபேக்கா. பேக்கிங்" என்றேன். அவர் தொப்பியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினார்.

தலையில் வலை, கையில் உறையோடு வந்த ரெபேக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இங்க வந்தும் நடக்கச் சொல்லப் போறியா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஜெனியா?"

"உசுரோட இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிக்கினு இருக்கா. சீரியஸ்தான். வாம்மா."

ஜீப்பில் ஏறியதும் கேட்டாள். "மாத்திரையாலயா?"

"இல்ல. சர்க்கரை."

"இத்தினூண்டு பொண்ணுக்கா? குந்திக்கினே கீற பெரியவங்களுக்குத்தான் வரும்னு நீதானே சார் சொன்ன?" கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். "கொஞ்ச நாளாவே தண்ணி தண்ணின்னு குடிச்சிக்கினு இருந்தா சார். தண்ணி நெறையக் குடிங்கன்னு நீ மைக்குல சொன்னியே. நம்ம பொண்ணு நல்ல பழக்கமா கத்துக்கினான்னு சந்தோசமா பாத்துக்கினு இருந்தேன்."

என் பேச்சை ஊரில் யாருமே கேட்கவில்லை என்று பிற்காலத்தில் பலர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். ஒருத்தி கேட்டிருக்கிறாள். அன்று அவள் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. பெரியவர்களுக்கு வருவது ஒன்று, குழந்தைகளுக்கு வருவது வேறொன்று என்று இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். ராகம் கெட்டுவிடும் என்று விட்டிருந்தேன்.

ஜெனி பிழைத்தாள். தீவிர சிகிச்சையில் சில நாட்கள் இருந்தாள். சரியான நேரத்தில் அவளைக் கொண்டுவந்ததாக டாக்டர்கள் சொன்னார்கள். வார்டுக்கு மாற்றியதும் டாக்டரம்மாவோடு ஜீப்பில் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போவானேன் என்று பெரிய பாட்டிலாக மாம்பழ ஜூஸ் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு நர்ஸ் பாட்டிலையும் என் அடையாள அட்டையில் இருந்த 'நலக்கல்வியாளர்' என்ற சொல்லையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெனிதான் முதலில் சிரித்தாள். அந்த ஜூஸை நானே வாசலில் நின்று குடித்து முடித்தேன்.

திரும்பும் வழியில் டாக்டரம்மாவிடம் கேட்டேன், அன்று தண்டனையாகத்தானே என்னை அந்த அறைக்கு அனுப்பினீர்கள் என்று. "இல்ல சார். அழற பிள்ளைங்களப் பாக்க ஊரே இருந்தது. அழாத பிள்ளைங்களப் பாக்க ஒருத்தர் வேணும்னு தோணுச்சு" என்றார். ஜீப் கவரைப்பேட்டையைத் தாண்டிய பிறகு, "தண்டனையும் கொஞ்சம் உண்டு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. பூச்சி மாத்திரை போட்டதால்தான் ரெபேக்கா பெண்ணுக்குச் சர்க்கரை வந்தது என்றார்கள். அடுத்த தடவை மாத்திரை கொடுக்கிற நாளில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் கையை நீட்டவில்லை. தாய்மார்கள் கேட்டருகே முறைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மா முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறார இட்லி போடச் சொல்லியிருந்தார். அதைச் சாப்பிட்டார்கள். மாத்திரை என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் பேச அனுமதி கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

அப்போது ரெபேக்கா வந்தாள். கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வரிசையின் முன்னால் போய் நின்றாள். ஜெனி மாத்திரையை வாங்கி, நன்றாக மென்று விழுங்கி, நாக்கை நீட்டி எல்லாருக்கும் காட்டினாள். யாரும் அசையவில்லை. கேட்டிலிருந்து ஒருத்தி, "இதனாலதானேடி உம் பொண்ணுக்கு வந்துச்சு?" என்றாள்.

ரெபேக்கா திரும்பி, தன் பருத்த விரலால் என்னைக் காட்டினாள்.

"மாத்திரையால வந்திருந்தா, இந்த ஆள நான் இன்னும் உசுரோட உட்டு வச்சிருப்பனா?"

தாய்மார்கள் என்னைப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்கள். நான் முழுசாக, அடிபடாமல், சட்டைப் பொத்தான்கூடக் கழலாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர்களுக்கு அந்த ஆதாரம் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருத்தி தன் மகனை முதுகில் தட்டி, "போடா, வாயத் தொற" என்றாள்.

வரிசை நகர ஆரம்பித்தது.